கேட்காமல் தெரிந்துகொண்டது

தார்மீகப் பிரச்னை என்று சிறு பத்திரிகைகளில் நாம் எழுதிக்கொள்வதில் பெரும்பகுதி யாருக்கோ எங்கோ நடந்ததைப் பற்றியது. நமக்கே நடந்தால் கவிதையாக்கிவிடுகிறோம், அல்லது எழுதாமல் விட்டுவிடுகிறோம். எனக்குக் கவிதை வராது. ஆகவே இந்தக் கட்டுரை.

விஷயம் சிறியது. 2022ஆம் வருஷம் ஐப்பசியில் ஒரு நாள், ஆட்டையாம்பட்டியில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில், ஒரு வயதான அம்மாளிடம் ரத்தம் எடுத்த ஊசிக்கு மூடி போடும்போது, ஊசி மூடியைத் தாண்டி என் இடது ஆள்காட்டி விரலில் ஏறியது. எடுத்த ஊசிக்கு மூடி போடக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அப்படியே நீடில் பர்னரில் விட்டுக் கருக்கிவிட வேண்டும். அன்று பர்னர் ரிப்பேர். கையுறையும் நான் போட்டிருக்கவில்லை. தெரிந்த ஊர், தெரிந்த முகங்கள், எதற்கு உறை என்று பல வருஷப் பழக்கம். குத்திய இடத்தில் ஒரு பொட்டு ரத்தம் வந்தது. அது என்னுடையது. அதற்குள் போனது அவருடையது.

சோப்புப் போட்டுக் குழாயடியில் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நிமிஷத்தில் என் மனசில் வந்த முதல் வாக்கியத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன்: லாரி டிரைவர் பெண்டாட்டி ஆயிற்றே.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆட்டையாம்பட்டியை முறுக்கு வைத்து அறிந்தவர்கள்தான் அதிகம். கையால் சுற்றும் முறுக்கு. அதற்கடுத்தபடி விசைத்தறி. ஆனால் தெற்கே கொஞ்ச தூரம் போனால் நாமக்கல் ஜில்லா வந்துவிடும்; திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகளும் நாமக்கல்லின் லாரிப் பட்டறைகளும் இந்தச் சமவெளியின் வேறு ஒரு முகம். வடநாடு போய் மாதக் கணக்கில் திரும்பாத ஆண்கள் எங்கள் தெருக்களிலும் உண்டு. 1990களில் எய்ட்ஸ் என்ற சொல் இந்தப் பக்கம் வந்தபோது அது லாரியில் ஏறித்தான் வந்தது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அந்த அம்மாளின் புருஷன் 1998இல் இறந்தார். காசநோய் என்று வீட்டில் சொன்னார்கள். கடைசியில் தாம்பரத்துக்குக் கொண்டுபோனார்கள் என்பது ஊருக்குப் போதுமானதாக இருந்தது. காசநோய்க்கென்று ஏற்பட்ட அந்த ஆஸ்பத்திரியில் எய்ட்ஸ் நோயாளிகளையும் சேர்த்துக்கொண்ட காலம் அது.

(காசநோய்க்கு இலக்கியத்தில் ஒரு கௌரவம் உண்டு. காஃப்கா 1924லும் புதுமைப்பித்தன் 1948லும் அதில்தான் போனார்கள், நாமும் அதைக் கிட்டத்தட்ட ஒரு தகுதியாகவே பேசிவருகிறோம். லாரி டிரைவரின் காசநோய்க்கு அந்தக் கௌரவம் கிடைப்பதில்லை, அதற்குப் பின்னால் இன்னொன்று தேடப்படுகிறது.)

அவருக்குச் சர்க்கரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி கழித்து ஒன்று என்று அன்றும் இரண்டு தடவை எடுத்தேன். குத்திக்கொண்டது இரண்டாவதில். காலையில் எடுத்த ரத்தத்தின் சீரம் ஏற்கனவே பிரித்து ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. எச்.ஐ.வி. கார்டுகள் பிரிட்ஜில். கூடத்தில் வேறு யாரும் இல்லை. வாசல் பெஞ்சில் அவர் மட்டும், பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டு. வெளியே போய், "அம்மா, இப்படி ஆகிப்போச்சு, உங்க ரத்தத்தில் ஒரு டெஸ்ட் பாக்கட்டுங்களா?" என்று கேட்க எட்டடி நடந்தால் போதும்.

நடக்கவில்லை. கார்டைப் பிரித்தேன். சொட்டு விட்டேன். இருபது நிமிஷம் அந்தச் சின்ன ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு கோடு. இல்லை என்று அர்த்தம். கார்டைக் குப்பையில் அடியில் தள்ளினேன். அதற்குள் அவர் எட்டிப்பார்த்து, "கையிலே என்ன கண்ணு, குத்திக்கிட்டியா?" என்றார். "ஒண்ணுமில்லீங்கம்மா, சும்மா கீறல்" என்றேன்.

பிரச்னை இத்தோடு முடிந்திருக்க வேண்டும் என்று வாசகர் நினைக்கலாம். பயந்தவனுக்கு விடை கிடைத்துவிட்டது. விடை நல்ல விடை. நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு கால் மணி நேரம். பிறகு தெரிந்த எல்லாமும் எனக்கு எதிராகத் திரும்ப ஆரம்பித்தன. அந்தக் கார்டு பார்ப்பது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை; தொற்றிய புதிதில் சில வாரங்களுக்கு அது தென்படாது. அறுபத்தைந்து வயது விதவைக்குப் புதிதாக எங்கிருந்து தொற்றும் என்று புத்தி கேட்டது. 1998இல் புருஷனிடமிருந்து வாங்கியிருந்தால் மருந்தில்லாமல் இருபத்துநான்கு வருஷம் முறுக்குச் சுற்றிக்கொண்டிருக்க முடியுமா என்றும் கேட்டது. அவர் என் முன்னால் உயிரோடு உட்கார்ந்திருந்ததே கார்டைவிடப் பெரிய சோதனை. பயத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியவில்லை.

கணக்கு என்று வந்ததால் சொல்லிவிடுகிறேன். தொற்று உண்டு என்று நிச்சயமாகத் தெரிந்த ஒருவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் கிருமி ஏறும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், ஆயிரம் குத்துக்கு மூன்று. இந்தியாவில் வயது வந்தவர்களில் தொற்று உள்ளவர்கள் சுமார் 0.2 சதவீதம். யாரென்றே தெரியாத ஒருவரின் ஊசி என்றால் இரண்டையும் பெருக்க வேண்டும்: பத்து லட்சத்துக்கு ஆறு. சேலம் மாநகரத்தின் ஜனத்தொகை 2011இல் எட்டு லட்சத்துச் சொச்சம். ஊர் முழுக்க வரிசையில் நின்று குத்திக்கொண்டால் ஐந்து பேர். அன்று மத்தியானம் சேலம் பஸ்ஸில் உட்கார்ந்து அந்த ஐந்து பேரில் நான் எத்தனையாவது ஆள் என்று தேடிக்கொண்டு போனேன்.

ஹெபடைடிஸ் பி விஷயம் இதற்கு நேர் எதிர். தடுப்பூசி போடாதவனுக்கு ஊசிக்குத்தால் அது ஏறும் வாய்ப்பு 30 சதவீதம் வரை போகும். ஈரலை அரித்துக் கொல்லக்கூடிய கிருமி. நான் மூன்று தவணையில் இரண்டோடு நின்றவன். நூறு மடங்கு ஆபத்து அந்தப் பக்கம் இருந்தது. அதைப் பற்றி ஒரு நொடிகூட நான் பயப்படவில்லை. அந்த அம்மாளின் சீரத்தில் அதற்கான கார்டைப் போட்டுப் பார்க்கவும் தோன்றவில்லை, அதுவும் அதே பிரிட்ஜில்தான் இருந்தது. அப்படியானால் நான் பயந்தது எதற்கு? சாவுக்கு என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை. இன்றைக்கு எச்.ஐ.வி.க்கு நாளுக்கு ஒரு மாத்திரை இருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமியின் எண்ணிக்கை கருவிக்கு அகப்படாத அளவுக்கு இறங்கிவிடும், அந்த நிலையில் உள்ளவரிடமிருந்து உடலுறவில் மற்றவருக்குத் தொற்றாது. இதைப் பல பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன், மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்து. மேஜைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார நேரும் என்பதுதான் பயம்.

2003 வாக்கில் தமிழ்நாடு முழுக்கச் சுவர்களில் ஒரு கேள்வி ஒட்டப்பட்டிருந்தது. புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? யார் அந்தப் புள்ளிராஜா என்று தெரியாமல் டீக்கடைகளில் பேசிப் பேசிச் சிரித்தோம். ராஜா என்று பெயர் வைத்தவர்கள் பாடு திண்டாட்டம். விளம்பரமாக அது பெரிய வெற்றி. சொல்ல முடியாத சொல்லை ஜனங்கள் வாயில் வரவழைத்தது. ஆனால் இப்போது யோசித்தால் அந்தக் கேள்வியின் இலக்கணம் எனக்கு உறுத்துகிறது. அது படர்க்கையில் இருந்தது. வருமா என்று கேட்கப்பட்டவன் எப்போதும் வேறொருவன்.

சேலத்தில் அரசு மருத்துவமனையில் அதை எனக்குத் தன்மையில் கேட்டார்கள். குத்திய இரண்டு மணிக்குள் மாத்திரை ஆரம்பித்தால் நல்லது, 72 மணி தாண்டினால் பிரயோஜனமில்லை. நான் மூன்று மணி நேரத்தில் போய்விட்டேன். டாக்டர், யார் ரத்தம் என்று தெரியுமா என்றார். தெரியும் என்றேன். அவருக்கு டெஸ்ட் பார்த்ததுண்டா?

இந்த இடத்தில்தான் நான் செய்ததன் முழு உருவமும் எனக்குத் தெரிந்தது. பார்த்தேன், இல்லை என்று வந்தது, என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி, அவர் சம்மதித்தாரா என்பது. 2017இல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கும் சட்டம் தெளிவாக இருக்கிறது: விஷயத்தைச் சொல்லி, சம்மதம் வாங்காமல், யாருக்கும் எச்.ஐ.வி. சோதனை கூடாது. (ஊசிக்குத்துக்கு ஆளாகக்கூடிய என் போன்றவர்களுக்குப் பாதுகாப்புச் சாதனங்களும் மருந்தும் தர வேண்டியது வேலை கொடுப்பவர் கடமை என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. அதை யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.) சட்டத்துக்குப் பயந்தேனா, வேலைக்குப் பயந்தேனா, அந்த டாக்டர் பெண்ணின் முகத்துக்குப் பயந்தேனா, தெரியாது. "இல்லை" என்றேன். ஆக, எனக்குத் தெரிந்ததை நான் தெரியாதவனாக நடிக்க வேண்டியதாயிற்று. 28 நாளைக்கு மாத்திரை எழுதினார்கள். ஹெபடைடிஸுக்கு விட்டுப்போன தவணையையும் போட்டார்கள்.

மாத்திரைக்கு முன்னால் என் ரத்தம். தமிழ்நாட்டில் இந்தச் சோதனை நடக்கும் அறைக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். அங்கே இருந்த ஆலோசகர் என்னை உட்காரவைத்து, இது என்ன சோதனை, எதற்கு, வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு, முடிவை என்னைத் தவிர யாரிடமும் சொல்ல மாட்டோம் என்றெல்லாம் பத்து நிமிஷம் சொன்னார். "ஒருவேளை பாசிட்டிவ்னு வந்தா முதல்ல யார்கிட்ட சொல்லுவீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகே கையை நீட்டச் சொன்னார். எத்தனையோ ஆயிரம் கைகளை நான் பிடித்திருக்கிறேன். அந்தப் பத்து நிமிஷம் ஒரு சடங்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அந்த முதல் சோதனை ஊசியைப் பற்றியதே அல்ல என்பதும் அப்போதுதான் உறைத்தது. காலையில் குத்தியது சாயங்காலம் தெரியாது. அன்றைய சோதனை, குத்துவதற்கு முன்னால் நான் யார் என்பதைப் பற்றியது. என் முப்பத்தெட்டு வருஷத்தில் ஒளிக்கும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்தும் முடிவு வரும்வரை, நடந்தவை நடக்காதவை என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல், எல்லாவற்றையும் எண்ணிப்பார்த்தேன். இல்லை என்று வந்தது. இரவு வீட்டில் மனைவியிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது, சில மாதங்களுக்கு ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லியிருந்தார்கள். குழந்தையைத் தட்டிக்கொண்டே கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று: "ஊசியாலதானுங்களே?"

கோபம் வந்தது. உடனே, மத்தியானம் குழாயடியில் நான் சொல்லிக்கொண்ட வாக்கியம் ஞாபகம் வந்தது. கோபப்பட எனக்கு அருகதை இல்லை.

அந்த மாத்திரை சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்குக் கெடுத்தது மாத்திரையா வேறா என்று பிரிக்க முடியவில்லை. இரவுகளில் உட்கார்ந்து படித்தேன். இந்தக் கிருமி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1986இல், நம் சென்னையில்தான். மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் யோசனை சொல்ல, அவரது மாணவி நிர்மலா ஆய்வுக்காக ரத்தம் சேகரித்தார். மயிலாப்பூரில் பாலியல் தொழில் செய்த பெண்களை அடைத்துவைத்திருந்த அரசு விடுதிக்குப் போய், கையுறைகூட இல்லாமல், எண்பதுக்கு மேற்பட்டவர்களிடம் எடுத்தார். பிரித்த சீரத்தைத் தம் வீட்டுப் பிரிட்ஜில் வைத்தார். வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்ததில் ஆறு பேருடையது மஞ்சளாகியது. அந்தத் துணிச்சலில் எனக்கு மரியாதை உண்டு. அது இல்லாவிட்டால் இன்னும் எத்தனை வருஷம் இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்போமோ. ஆனால் அந்தப் பெண்களுக்கு, எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்பது சொல்லப்படவில்லை. கை நீட்டச் சொன்னார்கள், நீட்டினார்கள். அடைபட்டிருப்பவர் நீட்டுவதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளலாமா? அந்த ஆறு பேரின் ரத்தம் சரித்திரத்தில் இருக்கிறது. அவர்கள் இல்லை.

கோவாவில் டொமினிக் டிசோஸா என்ற இளைஞர் தாமாகப் போய் ரத்ததானம் செய்துவந்தவர். 1989 பிப்ரவரியில் போலீஸ் வந்து கூட்டிப்போனது. பழைய காசநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் 64 நாள் தனியே அடைத்துவைத்தார்கள். அவர் தானம் கொடுத்த ரத்தத்தைச் சோதித்திருக்கிறார்கள். அவருக்குத் தொற்று இருப்பது போலீஸுக்குத் தெரிந்த பிறகே அவருக்குத் தெரியவந்தது. அவர் 1992இல் இறந்தார். சம்மதம் என்று 2017ஆம் வருஷச் சட்டத்தில் எழுதியிருக்கும் சொல்லுக்குப் பின்னால் இப்படிப்பட்ட அறைகள் இருக்கின்றன.

எனக்கு நான் சொல்லிக்கொண்ட சமாதானம் ஒன்று இருந்தது. மயிலாப்பூரிலும் கோவாவிலும் சோதித்தவர்கள் கையில் அதிகாரம் இருந்தது. என்னிடம் ஒரு பயம் மட்டுமே இருந்தது. பயந்தவனை மன்னிக்கலாம் அல்லவா? இதை ஒரு வாரம் வரைக்கும் நம்பினேன். அதைக் கெடுத்தது சாத்தூர். 2018 டிசம்பரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது தெரியவந்து தமிழ்நாடே பேசியது. ரத்தம் கொடுத்தவர் பத்தொன்பது வயதுப் பையன். வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில் தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும், தன் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று தானே போய்ச் சொன்னான். அதற்குள் ஏற்றியாயிற்று. அவன் விஷம் குடித்து அந்த மாதக் கடைசியில் இறந்தான். அவனுக்கும் பயம் இருந்திருக்கும். என்னுடையதைவிட நூறு மடங்கு காரணமுள்ள பயம். அந்தப் பயத்தோடு அவன் தன் ரத்தத்தைப் பற்றித் தானே போய்ச் சொன்னான். நான் இன்னொருவர் ரத்தத்தைப் பற்றி அவருக்கே சொல்லாமல் தெரிந்துகொண்டேன். எங்கள் இருவரில் யாருக்குப் பயம் ஒரு சாக்கு ஆகமுடியும்?

பதினோராவது நாள் அவர் வீட்டுக்குப் போனேன். சம்மதம் வாங்கி முறைப்படி சோதித்துவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று சேலத்தில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். பத்து நாள் அந்தத் தெரு வழியாகவே போய்வந்துகொண்டிருந்தேன். தாழ்வாரத்தில் வெள்ளைத்துணி விரித்து முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். மாவை விரலில் முறுக்கி முறுக்கி, கண் வேறெங்கோ பார்க்க, வட்டம் தன்பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. அன்று ஊசி குத்தியதைச் சொன்னேன். உங்கள் ரத்தத்தில் ஒரு சோதனை பார்க்க வேண்டும் என்றேன்.

"அதுக்கென்ன கண்ணு, எடுத்துக்க. இத்தன வருசமா எடுக்கறதுதானே."

என்ன சோதனை என்று சொன்னேன். கை நின்றது.

"அந்த நோவுக்கா?"

"ஆமாங்கம்மா."

"எனக்கு இருக்குமின்னு நெனச்சியா?"

"எல்லாத்துக்கும் பாக்கறதுதானுங்கம்மா."

"எல்லாத்துக்கும் பாக்கறதுன்னா அன்னிக்கே கேட்டிருப்பியே."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பாதியில் நின்ற முறுக்கைச் சுற்றி முடித்தார்.

"அவுரு போனப்பவே ஊருக்குள்ள பேசிக்கிட்டாங்க. எங்கிட்ட முறுக்கு வாங்கறத நிறுத்தினவங்க உண்டு. எனக்கும் உள்ளுக்குள்ள இருந்துக்கிட்டேதான் இருந்துது, இருக்குமோ இருக்குமோன்னு. போய்ப் பாக்கப் பயம். இருவத்திநாலு வருசத்துல மூஞ்சிக்கு நேரா ஒருத்தரும் கேக்கல. நீதான் கேட்ட."

குற்றச்சாட்டா நன்றியா என்று அந்தக் குரலிலிருந்து எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் காலை அவரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கையை நீட்டினார். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். சோதனை முடிந்து வந்து, அந்தக் காகிதத்தை என்னிடம் காட்டி, "என்ன போட்டிருக்குது, நீயே ஒருக்கா படி" என்றார். உள்ளே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் படிக்கச் சொன்னார். இல்லை என்று படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு அதை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகும் வழி அது அல்ல, கடைத்தெரு வழியாக நடந்துபோனார்.

இருபத்துநான்கு வருஷம் அவர் தெரிந்துகொள்ள விரும்பி, பயந்து, தெரிந்துகொள்ளாமல் இருந்த ஒன்று, பதினொரு நாள் எனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பதினொரு நாளும் அவர் என் தெருவுக்கு அடுத்த தெருவில் உட்கார்ந்து இருக்குமோ இருக்குமோ என்று முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் திருடியது அவருடைய ரத்தம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ரத்தம் அவர் மனமுவந்து எடுத்துக்கொள்ளச் சொன்னதே. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது, இல்லை என்ற அந்த ஒரு வார்த்தை. எடுத்த விதத்தால் அதைத் திருப்பிக்கொடுக்கவும் முடியாமல் போயிற்று. உண்மை எப்படிக் கிடைத்தாலும் உண்மைதான் என்று நம்மில் சிலர் விமர்சனக் கட்டுரைகளில் அடித்துப் பேசுவதுண்டு, நானும் பேசியிருக்கிறேன். அந்தக் கார்டின் கோடும் சுகாதார நிலையத்தின் கோடும் ஒரே கோடுதான். முதலாவதால் ஒருவருக்கும் ஒரு நன்மையும் இல்லை, எனக்கு உள்பட.

இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்று பல தடவை யோசித்தாயிற்று. சொன்னால் என் பாரம் இறங்கும். அவருக்கு அந்தச் சுருக்குப்பைக் காகிதத்தின் மேல் ஒரு கறை விழும். இதுவும் ஒரு சமாதானமாக இருக்கலாம். அவருக்குப் பதிலாக உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முந்நூறு பிரதி அச்சாகும் பத்திரிகையில், அவர் ஒருநாளும் படிக்கப்போகாத இடத்தில் செய்கிற ஒப்புதலுக்கு என்ன மதிப்பு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். மேற்கொண்டு சோதனையும் எனக்குத் தேவையில்லை என்றார். நான் ஆறாவது வாரம் போனேன், மூன்றாம் மாதம் போனேன், ஆறாம் மாதமும் போனேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஆலோசகர் முதல் தடவைபோலவே எல்லாவற்றையும் சொல்லிச் சம்மதம் கேட்டார். அதைக் கேட்கத்தான் போனேனோ என்னவோ.

எய்ட்ஸ் வந்த புதிதில், 1980களில், அமெரிக்காவில் ஒரு விதி உருவாயிற்று. யாருக்குத் தொற்று இருக்கிறது என்று ஆராயாதே. எல்லோருடைய ரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே பாவித்துக் கையுறை போடு. படிக்கிற காலத்தில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது. சுகாதார விதி என்றுதான் நினைத்தேன். ஒருவரையும் தனியாகச் சந்தேகப்படாமல் இருக்க ஒரே வழி எல்லோரையும் ஒன்றுபோல் சந்தேகப்படுவது என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். மனித சுபாவத்தைப் பற்றி அவ்வளவாக நம்பிக்கை இல்லாதவர்கள் செய்த ஏற்பாடு. என் விஷயத்தில் அவர்கள் கணிப்பு சரி.

தை மாதம் அந்த அம்மாள் சர்க்கரைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து முழங்கை வரை சேலையை விலக்கிவிட்டுக் கையை நீட்டப்போனவர், நான் உறை மாட்டுவதைப் பார்த்துக் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"முன்னெல்லாம் இது போடமாட்டியே."

"இப்ப எல்லாத்துக்கும் போடறதுங்கம்மா."

"எனக்கு முன்னாடி ஒருத்தரு போனாரே, அவருக்குப் போட்டியா?"

குப்பைக்கூடையைக் காலால் அவர் பக்கம் தள்ளினேன். காலையிலிருந்து கழற்றிப்போட்ட உறைகள் கிடந்தன. குனிந்து, நிதானமாக, எண்ணுவதுபோலப் பார்த்தார்.

"சரி" என்று கையை நீட்டினார்.